பேர் போட்ட பேப்பர்

அந்தப் புத்தகம் கையில கிடைச்ச நாளைப்பற்றிச் சொல்லத் தொடங்கினால் இப்பவும் எனக்கு மூச்சு வாங்கும். எண்பதுகளின்ர கடைசி. லண்டனில பிளேஸ்டோவில பள்ளிக்கூடம், எனக்குப் பதினைஞ்சு வயது, யாழ்ப்பாணத்தில இருந்து வந்து கனகாலம் இல்லை. இங்கிலிஷ் பாடத்துக்கு எங்களைக் கெட்டித்தனத்தின்படி வகுப்பு வகுப்பாப் பிரிச்சு வைச்சிருந்தினம். நான் கடைசி வகுப்பு. அதில இருந்து சோதினை எடுத்தால் எவ்வளவு திறமா எழுதினாலும் நடுத்தரத்துக்கு மேல தரமாட்டினம். இந்த நாவலில இருந்து கேள்வி குடுப்பன், நல்லா எழுதிற ஆளை மேல் வகுப்புக்கு ஏத்துவன் எண்டு மிஸ் சொன்னா. எனக்கு ஏற வேணும். ஏறியே தீர வேணும்.

நாவல் ஒரு பெரிய வீட்டைப் பற்றினது. அறை அறையாக் குடியிருக்கிற சனமெல்லாம் சேந்து கொடுமைக்கார வீட்டுச் சொந்தக்காரனை அடிச்சுக் கலைக்குது. பிறகு வீட்டைக் காக்கவெண்டு தங்களுக்குள்ள ஒருத்தனைக் காவலுக்கு வைக்குது. அவன் 'பாதுகாப்புக்கு' எண்டு சொல்லி ஒவ்வொரு அறைச் சாவியா வாங்கித் தன்ர இடுப்பில கட்டத் தொடங்கிறான். அவ்வளவுதான் கதை. ஆனா என்ன கதை! பஸ்ஸில வாசிச்சுக்கொண்டிருந்து, இறங்கிற இடத்தை விட்டுப்போட்டு மழைக்குள்ள திரும்பி நடந்தன். அதுவரைக்கும் இங்கிலிஷ் வாசிக்கிறதெண்டால் மீனில முள்ளு எடுக்கிற மாதிரி ஒரு அலுவல். இது தன்பாட்டில ஓடிச்சுது.

பின்னேரங்களில குசினிக்குள்ள நிண்டு அம்மாவுக்குக் கதை சொன்னன். அவ வெங்காயம் வெட்டுவா, நான் தமிழில அவிழ்த்து விடுவன். அடுத்த நாளே அவவுக்குக் கதை விசர் பிடிச்சிட்டுது. நான் சப்பாத்துக் கழட்ட முதலே, பிறகு அவன் ஆரின்ர சாவியை வாங்கினவன் எண்டு கேட்டுக்கொண்டு வாசலில நிக்கிறா. சோறு அடிப்பிடிச்சதும் அந்த நாவலாலதான். வேலையால வந்த அப்பா மணத்தைப் பிடிச்சு, இந்த வீட்டில ரெண்டு விசரியள் எண்டார்.

பாதிக் கதையில அம்மா கத்தியை வைச்சிட்டா. இது எங்கட கதையெல்லோ பிள்ளை எண்டு மெல்லமாச் சொன்னா. சொல்லிப்போட்டு யன்னலை எட்டிப் பாத்தா. பிளேஸ்டோவில ஆர் ஒட்டுக் கேக்கப் போயினம்? பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவருக்குக் காதே கேளாது. ஆனா எங்கட ஆக்கள் அப்பிடித்தான். ஊரில எங்களைக் காக்கவெண்டு துவக்குத் தூக்கின ஆக்களை 'அவை' எண்டு மட்டும் சொல்லுவினம், எவை எண்டு ஒருத்தரும் கேக்க மாட்டினம். இங்க வேற எங்கட அகதிக் கேஸ் முடியாமல் கிடந்தது. அதால அம்மா ஒரு சட்டம் போட்டிருந்தா: வாயால என்னத்தையும் கதை, உன்ர பேர் போட்ட பேப்பரில மட்டும் அரசியல் எண்டு ஒரு சொல்லும் எழுதாத.

சோதினை நாள் வந்தது. ஒரே புளுகமும் சந்தோசமுமாப் பேப்பரைத் திருப்பினன். அங்க கிடந்த கேள்வியள்: இந்தக் காவல்காரன் உண்மையில யாரைக் குறிக்கிறான்? அது உனக்கு எப்படித் தெரியும்? ஆதாரம் காட்டு. கடவுளே, ஊரில ஆமிக்காரன் றோட்டில சென்றி போட்டு மறிச்சு வைச்சுக் கேட்ட கேள்வியள் அப்பிடியே அச்சடிச்சுக் கிடக்குது! மேல என்ர பேர், கீழ கேள்வி. உந்தமாதிரிக் கேள்வியளுக்கு எங்களுக்குத் தெரிஞ்ச மறுமொழி ஒண்டே ஒண்டுதான். அதை எழுதினன். காவல்காரன் ஒரு காவல்காரன். அவனை எனக்குத் தெரியாது. வேற ஆரையும் தெரியாது. நான் ஒண்டும் காணேல்லை.

திருத்தின பேப்பரைத் தரேக்க, பாவம், மிஸ்ஸின்ர முகத்தைப் பாக்க ஏலாது. புத்தகத்தை வாசிச்சனியோ எண்டு கேட்டா. அதுதான் எனக்குச் சுட்டுது. நான் வாசிக்கேல்லையோ? எழும்பி நிண்டு, எழுதாமல் சொல்லலாமோ எண்டு கேட்டன். அவ ஓம் எண்ட உடன தொடங்கினன், உடைஞ்ச இங்கிலிஷில, மணி அடிக்கும்வரைக்கும். காவல்காரன் ஆர், சாவி எண்டால் என்ன, அங்க குடியிருந்த பாட்டுக்காரன்ர அறையை ஏன் முதல் பூட்டினவன், எல்லாம் கொட்டினன். கடைசி வாங்கில இருக்கிற குழப்படிக்காரரும் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாங்கள். லண்டனுக்கு வந்த பிறகு அப்பிடியொரு சந்தோசத்தை நான் கண்டதில்லை. மிஸ்ஸும் சிரிச்சா. ஆனா கதைச்சதுக்குப் புள்ளி போட ஏலாதாம். திங்கக்கிழமை அதே கேள்வியளுக்குத் திரும்ப எழுதித் தரட்டாம்.

வீட்டை ஓடிப்போய் அம்மாட்ட எழுதட்டோ எண்டு கேட்டன். என்ன கேள்வி எண்டா. நான் கடைசிக் கேள்வியைத் தமிழில சொன்னன்: அவன் சாவியளை வாங்கத் தொடங்கேக்க குடியிருந்த சனம் ஏன் வாய் திறக்கேல்லை?

"முதல் போனது பக்கத்து அறைச் சாவியெல்லோ" எண்டா அம்மா.

பிறகு வெங்காயத்தைத் தள்ளி வைச்சா. "எங்கட பக்கத்து வீட்டுப் பெடியனை அவை கொண்டு போகேக்க நாங்கள் யன்னலைச் சாத்தினனாங்கள். எழுது பிள்ளை."

எழுதினன். பக்கம் போதாமல் இன்னொரு தாள் வாங்கி எழுதினன். அடுத்த கிழமை மிஸ் என்னை மேல்மாடி வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போய், இதுதான் இனி உன்ர இடம் எண்டு ஒரு கதிரையைக் காட்டினா. அண்டைக்குப் பஸ்ஸுக்கு நிக்கப் பொறுமையில்லை. வீடுவரைக்கும் ஓடினன். கதவு திறந்த அம்மாவிட்ட, என்னை ஏத்திப்போட்டினம் எண்டு கத்தினன். அவ புள்ளியைக் கேக்கேல்லை.

"பேர் போட்டனியோ?"

"ஓம்."

"அப்பான்ர பேருமோ?"

"ஓம் அம்மா. முழுப் பேரும்."

அவவின்ர முகத்தில பயம் வந்து போனதை நான் கண்டனான். தெருக்கதவு இன்னும் திறந்துதான் கிடந்தது. நல்லது எண்டு அம்மா சத்தமாவே சொன்னா.