என் கொள்ளிக்கண்

லண்டன் வந்து ஆறு வருஷமாகியும் எனக்குப் பழகாத ஒன்று, இங்கே அந்த நோயின் பெயரை உரக்கச் சொல்வது. நான் நர்ஸாக இருக்கும் குழந்தைகள் வார்டில் பீட்டரின் அம்மா, லிப்டில் ஏறுகிற முகம் தெரியாதவர்களிடம்கூட "என் மகனுக்கு லுக்கேமியா" என்பாள், வெளியே மழை பெய்கிறது என்பதுபோல. தென்காசியில் நாங்கள் ரத்தப் புற்று என்று வாய் திறந்து சொன்னதில்லை. 'அந்தச் சீக்கு' என்போம், அதுவும் கதவைச் சாத்திவிட்டு.

பீட்டருக்கு ஆறு வயது. நோயை எதிர்த்து நிற்கவேண்டிய வெள்ளணுக்களே புத்திகெட்டுப் பெருகிவிட்ட உடம்பு. அவனுடைய எலும்பு மஜ்ஜையை எடுத்து, எலியிலிருந்து உண்டாக்கிய ஒரு மருந்தை அதில் கலந்தார்கள். அது கெட்ட அணுக்களை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளுமாம். அவற்றை நீக்கிவிட்டு, உடம்பில் மிச்சமிருந்த நோயைக் கடும் மருந்தால் அழித்தபின், சுத்தமான மஜ்ஜையை மறுபடி அவன் ரத்தத்தில் ஏற்றினார்கள். சில வாரங்களில் எழுந்து உட்கார்ந்து ஜெல்லி கேட்டான். வார்டே கைதட்டியது. எனக்கு வயிறு எரிந்தது. ஒளிப்பானேன், நன்றாகவே எரிந்தது.

என் மகள் செல்விக்கும் அந்தச் சீக்கு வந்தபோது ஆறு வயதுதான். அந்த எழுபதுகளில் எங்களூர் எலி நெல்லைத் தின்றதே தவிர, யாருக்கும் மருந்து தரவில்லை. மாத்திரையில் அவள் கொஞ்சம் தேறியிருந்த நேரம், குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது.

"ஏட்டி, ஐந்தருவித் தண்ணி மூலிகைத் தண்ணில்லா? மூணு நாள் தலையக் காட்டுனா எந்தச் சீக்கும் ஓடிரும். நீ என்னன்னா மாத்திரையவே கட்டிக்கிட்டு அழுத," என்றாள் என் அண்ணன் மனைவி.

நான் அப்போதே நர்ஸ். எதிர்ப்புச் சக்தி இல்லாத உடம்பு அது என்று தெரியும். தெரிந்தும் கூட்டிப்போனேன். எங்களூரில் பிறந்தவளுக்கு அருவியை நம்பாமல் இருக்க முடியாது. மூன்றாம் நாள் நெஞ்சில் சளி கட்டியது. திருநெல்வேலிக்குக் கொண்டுபோகும் வழியில், காரிலேயே போய்விட்டாள்.

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள். பீட்டரை நான் பார்க்கிற பார்வை எனக்கே பயமாயிருந்தது. ஒருநாள் மத்தியானம் அவன் தூங்கும்போது, என் கண்மையைத் தொட்டு அவன் உள்ளங்காலில் ஒரு பொட்டு வைத்தேன்.

மறுநாள் அவன் அம்மா பதறிக்கொண்டு வந்தாள். இங்கே கதிர்வீச்சு கொடுக்குமுன் உடம்பில் இப்படித்தான் புள்ளி வைப்பார்கள்.

"காலுக்கும் பரவிவிட்டதா? டாக்டர் ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"ஐயோ, இல்லை. நான்தான் வைத்தேன். யாருடைய பொறாமையும் அவனைத் தொடக்கூடாது என்று. எங்கள் ஊர் வழக்கம்."

போன உயிர் வந்தவள்போலச் சிரித்தாள். "முடி கொட்டி, வாயெல்லாம் புண்ணாகிக் கிடக்கிறவனைப் பார்த்து யார் பொறாமைப்படுவார்கள்?"

"நான்," என்றேன்.

செல்வியைப் பற்றிச் சொன்னேன். ஐந்தருவியையும் சொன்னேன். இந்த ஊரில் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

திட்டுவாள், வேறு நர்ஸ் கேட்பாள் என்று நினைத்தேன். அவள் பீட்டரைத் தூக்கி என் மடியில் வைத்தாள். என் கை அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தது. மனசு குற்றாலத்தில், குளிரில் நடுங்கி நின்ற ஒருத்திக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தது.