பானெட்டுக்குக் கீழே ஈஸ்வரி

ஒரு காருக்குள் எத்தனை ஒயர் ஓடுகிறது என்று ஓட்டுகிறவனுக்கும் தெரியாது, வாங்கினவனுக்கும் தெரியாது. ஈஸ்வரிக்குத் தெரியும். ஒன்பது வருடம் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் அந்த ஒயர்களைத்தான் கட்டிக்கொண்டிருந்தாள். ஆணி அடித்த பெரிய பலகையில் கோடு வரைந்திருக்கும். கோட்டின்மேல் ஒயர்களைப் போட்டு, கொத்துக் கொத்தாகச் சேர்த்து, கறுப்பு டேப் சுற்ற வேண்டும். ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றின்மேல் பாதி ஏற வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கட்டிய ஒயர் எந்தக் காருக்குப் போகிறது, அந்தக் கார் எந்த ஊரில் ஓடுகிறது, ஒன்றும் சொல்லமாட்டார்கள். சூப்பர்வைசர் அவளைக் கூப்பிடுவதே ஏழாம் நம்பர் என்றுதான். முப்பத்திரண்டு வயதானபோது ஒப்பந்தம் முடிந்தது என்று ஒரு காகிதத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அன்றைக்காவது ஈஸ்வரி என்று கூப்பிட்டிருக்கலாம். அதுவும் இல்லை.

சந்தவாசலில் வீட்டோடு இருந்தாள். கணவன் சின்னதம்பி மலைக்கு ஷேர் ஜீப் ஓட்டுகிறவன். இரண்டு பேரும் மேலே மலையில் நெல்லிவாசல் நாட்டில் பிறந்து, பிழைப்புக்காகக் கீழே இறங்கியவர்கள். அவன் ஜீப்பில் ஹாரன் அடித்தால் லைட் அணையும், லைட் போட்டால் வைப்பர் நிற்கும். ஒருநாள் எரிச்சல் தாங்காமல் மொத்த ஒயரையும் உருவிப் போட்டு ஈஸ்வரி புதிதாகக் கட்டிக் கொடுத்தாள். அதைப் பார்த்த மற்ற ஜீப்காரர்கள் வந்தார்கள். அப்படியே பேச்சு ஜீவானந்தத்தின் ஷெட் வரைக்கும் போனது.

ஜீவானந்தத்தின் ஷெட் முன்பு ஜீப்புகளுக்கு வெல்டிங் வைக்கிற இடம். இரண்டு வருடமாக அவருக்கு வேறு கிறுக்கு பிடித்திருந்தது. பழைய ஜீப்பின் சேஸியை நீட்டி, அதன்மேல் ஃபைபரில் வார்த்த வெளிநாட்டு ரேஸ் காரின் உடம்பை உட்கார வைப்பார். தெருவில் நிற்கும்போது பார்த்தால் கோடி ரூபாய்க் கார். பானெட்டைத் திறந்தால் நம்ம ஊர் என்ஜின், அதைச் சுற்றி காக்காக் கூடு மாதிரி ஒயரும் ஹோசும். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பானெட்டைத் திறப்பதில்லை, அதனால் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

கணியம்பாடிப் பக்கம் பண்ணை வீடு வைத்திருக்கும் பார்த்திபன் வந்து அதைக் கெடுத்தார். அவர் கேட்டது சிவப்பு நிறத்தில் இரண்டு சீட்டுக் கார். சென்னையில் இந்த மாதிரி கார்களுக்கு ஒரு கண்காட்சி நடக்கிறதாம். அங்கே பானெட்டைத் திறந்து வைத்துத்தான் பரிசு கொடுப்பார்களாம்.

ஜீவானந்தம் ஈஸ்வரியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"இன்னாம்மா, இத்த சுத்தம் பண்ண முடியுமா? தொறந்தா ஒயரே கண்ணுல படக்கூடாது."

"முடியும்ணா. நாள் ஆவும்."

"ஆவட்டும். இந்த ஒரு வண்டிய நல்லபடியா முடிச்சுக் குடு. அப்புறம் ஒயரிங் மொத்தமும் உன் பொறுப்புதான். போர்டுல வெல்டிங் ஜீவானந்தம்னு போட்டுகீறேன் பாத்தியா, அதுக்குக் கீழ ஒயரிங் ஈஸ்வரின்னு எழுதிடலாம்."

அவர் போகிற போக்கில் சொன்னார். ஈஸ்வரி அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்குப் போகிற வழியில் நின்று, அந்த போர்டில் தன் பேருக்கு இடம் இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்தாள். இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்வதென்றால், அன்றைக்கு ராத்திரி சாமைச் சோறுகூட அவளுக்குச் சரியாக இறங்கவில்லை. அவ்வளவு ஆசை.

நாற்பது நாள் வேலை. கம்பெனியில் செய்த மாதிரியே ஒரு பிளைவுட் பலகையில் பானெட்டின் உள்ளளவை வரைந்து ஆணி அடித்தாள். ஒயர்களை அதில் போட்டுக் கட்டி, முழுசாகத் தூக்கிக்கொண்டுபோய் மட்கார்டின் உள்பக்கமாக ஒளித்தாள். ஃபியூஸ் பெட்டி டேஷ்போர்டுக்குப் பின்னால் போனது. பேட்டரி சீட்டுக்குப் பின்னால் போனது. வைப்பருக்குத் தண்ணீர் ஊற்றுகிற டப்பாவை எங்கே வைத்தாள் என்று ஜீவானந்தத்துக்கே ஒருவாரம் தெரியவில்லை. பிரேக் பைப்புகளை மூன்று தடவை வளைத்து, மூன்று தடவை கழற்றி, நாலாவது தடவைதான் ஒன்றுக்கொன்று சேராமல் விலகாமல் பக்கத்தில் பக்கத்தில் ஓட வைத்தாள். ஹோசுகளை இறுக்குகிற கிளிப்புகளின் திருகுத் தலை அத்தனையும் ஒரே திசையைப் பார்த்தன. யாரும் கேட்காத வேலை அது. கேட்காத வேலையைச் செய்கிறவர்களுக்கு இந்த உலகம் என்ன மரியாதை கொடுக்கும் என்பது அவளுக்கு இன்னும் தெரிந்திருக்கவில்லை.

என்ஜினைக் கெரசின் போட்டுத் துடைத்துச் சாம்பல் நிறப் பெயின்ட் அடித்தவன் சக்திவேல். ஷெட்டில் பெயின்டர். நல்ல பையன் என்று சொல்லுகிற மாதிரிதான் இருப்பான். முப்பது வயது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஈஸ்வரியைக் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் அக்கா அக்கா என்றுதான் கூப்பிடுவான். அவள் கொண்டுவரும் புளிக்குழம்பில் பாதி அவனுக்குத்தான்.

வேலை முடிந்து பார்த்திபன் வந்து பார்த்தார். பானெட்டுக்குள் தலையை விட்டு அப்படியும் இப்படியும் பார்த்தார்.

"இன்னாங்க இது, ஒண்ணுமே இல்ல! என்ஜின் மட்டும் தனியா மெதக்குது."

ஈஸ்வரி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். சிரிப்பை அடக்க முடியவில்லை.

வண்டியைக் கொடுக்கிற அன்றைக்கு ஷெட்டில் பூஜை வைப்பது வழக்கம். பானெட்டைத் திறந்து பூசாரி சூடம் காட்டுவார். அப்புறம் வாங்குகிறவர், வேலையை முன்னின்று முடித்தவரை எல்லோருக்கும் முன்னால் நிறுத்தி, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு புதுத்துணி வைத்துக் கொடுப்பார். தாம்பாளம் வாங்கினவர்தான் அந்த வண்டியைச் செய்தவர். அப்புறம் வேறு யாரும் அதற்குச் சொந்தம் கொண்டாட முடியாது. இந்தத் தடவை தாம்பாளத்தில் வைக்க அரக்கு நிறத்தில் சேலை வாங்கியாகிவிட்டது. ஜீவானந்தத்தின் மனைவி ஈஸ்வரியிடமே காட்டி, கலர் பிடித்திருக்கிறதா என்று கேட்டிருந்தாள். வீடியோ எடுத்து யூடியூபில் போடுகிறவர் ஒருவரை வேலூரிலிருந்து பார்த்திபன் வரச் சொல்லியிருந்தார்.

பூஜையன்று காலையில் ஈஸ்வரிக்குத் தூரம் வந்துவிட்டது.

அவள் பிறந்த ஊரில் அந்த மூன்று நாளும் பெண்கள் தனிக்குடிசையில் இருப்பார்கள். சாமி காரியம் என்றால் அந்தப் பக்கமே போகக்கூடாது. இங்கே சந்தவாசலில் யாருக்குத் தெரியப்போகிறது? குளித்துவிட்டுப் போய் நின்றிருக்கலாம். நின்றிருக்க வேண்டும். அந்த நாற்பது நாளில் ஒரு தடவை இதே மூன்று நாளும் அவள் அதே என்ஜினுக்குள்தான் கையை விட்டுக்கொண்டிருந்தாள். அப்போது என்ஜினும் தீட்டு என்று சொல்லவில்லை, ஜீவானந்தமும் கேட்கவில்லை. ஆனால் சூடம் காட்டுகிற இடத்தில் பொய்யாக நின்று, நாளைக்கு மலை ரோட்டில் அந்த வண்டிக்கு ஏதாவது ஆகிவிட்டால்? போனை எடுத்து உண்மையைச் சொல்லிவிட்டாள்.

"அண்ணா, இன்னிக்கி நான் அங்க வரக்கூடாதுண்ணா."

ஜீவானந்தத்துக்குப் புரிய ஒரு நொடி ஆனது. "ஓ... சரி சரி. நீ வூட்லயே இரு. பூசாரி வந்துட்டாரு, நேரம் தள்ள முடியாது. தாம்பாளத்த யாராச்சும் வாங்கிக்கட்டும். எங்க போய்டப் போவுது?"

வாங்கியவன் சக்திவேல். ஆம்பளைக்குச் சேலை கொடுக்க முடியாதே என்று அவசரமாகக் கடைக்கு ஆள் ஓடி வேட்டி சட்டை வாங்கி வந்தார்கள். அரக்குச் சேலையை ஜீவானந்தத்தின் மனைவி பீரோவில் வைத்துக்கொண்டாள். வீடியோக்காரர் மைக்கை நீட்டி, "இந்த ஒயரிங் வேலை மொத்தமும் நீங்கதானா?" என்று கேட்டார். சக்திவேல் கழுத்தில் மாலை. சுற்றிலும் கூட்டம். அவன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்து சிரித்தான். அது போதுமே.

மூன்று நாள் கழித்து ஈஸ்வரி ஷெட்டுக்குப் போனபோது அந்த வீடியோவை மூன்று லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். சேலத்திலிருந்தும் ஓசூரிலிருந்தும் சக்திவேலைக் கேட்டுப் போன் வந்துகொண்டிருந்தது. அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"நான் சொல்லலக்கா. அவங்களா நெனச்சிக்கினாங்க."

"நீ இல்லன்னு சொல்லியிருக்கலாமே சக்திவேலு."

அவன் பிரஷ்ஷை மறுபடியும் முக்கினான். பதில் சொன்னவர் ஜீவானந்தம். "இப்ப போயி அவன் இல்ல, ஒரு பொம்பளன்னு சொன்னா, மொதல்ல சொன்னது பொய்யான்னு போன் பண்றவன் கேப்பான். தாம்பாளம் வாங்கனவன் அவன், ஊரே பாத்துச்சு. உன் வேல உனக்குக் கீது. பேருல இன்னாம்மா கீது?"

பேரில் ஒன்றும் இல்லை என்று சொல்கிறவர் பேர் அந்த போர்டில் ஒரு முழ எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே ஒரே வாரத்தில் ஒயரிங் சக்திவேல் என்று எழுதினார்கள். ஈஸ்வரி மறுநாளும் வேலைக்குப் போனாள். போகாமல் என்ன செய்வாள்? வேறு எந்த ஷெட்டில் ஒரு பெண்ணைப் பானெட்டுக்குள் கைவைக்க விடுவார்கள்? கோபத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போனாள், சாயங்காலம் வந்து எடுத்துக்கொண்டாள்.

சென்னைக் கண்காட்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை. வண்டியோடு பார்த்திபனும் சக்திவேலும் போயிருந்தார்கள். மத்தியானம் ஈஸ்வரி வீட்டு வாசலில் புளியைக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. சக்திவேல்.

"அக்கா, வண்டி எடுக்கல. பரிசு குடுக்கறவங்க அடுத்து எங்க வண்டிக்குத்தான் வர்றாங்க. ஸ்டார்ட் பண்ணிக் காட்டணுமாம்."

"லைட்டு எரியுதா?"

"எரியுது. செல்ஃப்தான் எடுக்க மாட்டேங்குது. டிக்குன்னு ஒரு சத்தம், அவ்ளோதான்."

ஈஸ்வரிக்கு உடனே பிடிபட்டது. "என்ஜின்லருந்து சேஸிக்கு எர்த்து ஒயர் ஒண்ணு வருதே. அந்த போல்ட்டாண்ட ஏதாச்சும் பண்ணியா?"

"காலைல... அங்க மட்டும் ரூவாக் காசு அளவுக்கு இரும்பு தெரிஞ்சுதுக்கா. அசிங்கமா இருந்துச்சு. கழட்டிப் பெயின்ட் அடிச்சு மாட்டிட்டேன்."

அந்த இடத்தை அவள்தான் வேண்டுமென்றே வெறும் இரும்பாக விட்டிருந்தாள். பெயின்ட் மேல் எர்த்து பிடிக்காது, செல்ஃபுக்குக் கரண்ட் போதாது. அதுகூடத் தெரியாதவன் பேரைத்தான் போர்டில் எழுதியிருக்கிறார்கள். சொல்லாமல் இருந்துவிடலாம். எனக்குத் தெரியாதுப்பா, செய்தவன் நீதானே என்று ஒரு வார்த்தை போதும். அத்தனை பேர் முன்னால் வண்டி பிணம் மாதிரி கிடக்கும். வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அங்கே கிடக்கப்போவது யாருடைய வேலை? மூன்று தடவை வளைத்துக் கழற்றிய பைப், ஒரே திசை பார்க்கிற திருகுகள். அதை அவமானப்பட விட அவளுக்கு மனசு வரவில்லை. பாழாய்ப்போன மனசு.

"போல்ட்டக் கழட்டு. கத்தியோ சாவியோ வச்சு வெள்ளையா இரும்பு தெரியற வரைக்கும் சொரண்டு. அப்புறம் இறுக்கு. போன வைக்காத, நான் இருக்கேன்."

சுரண்டுகிற சத்தம் கேட்டது. யாரோ அவசரப்படுத்துகிற சத்தம் கேட்டது. அப்புறம் ஒரே மூச்சில் என்ஜின் பிடித்தது. கைதட்டல். ஈஸ்வரி புளி அப்பிய கையோடு எழுந்து நின்றுவிட்டாள். அவ்வளவு சந்தோஷம், அந்த ஒரு நிமிடம்.

போனில் ஒரு புதுக்குரல், பெரிய மனிதர் குரல், பக்கத்திலிருந்து கேட்டது. "ரொம்ப நேரமா போன்லயே இருக்கீங்களே, யாரு? யாராவது சொல்லிக் குடுக்கறாங்களா?"

"அய்ய, இல்ல சார்," என்று சக்திவேல் சிரித்தான். "வூட்டுக்காரி சார். சாப்டாச்சான்னு கேக்குறா."

எல்லோரும் சிரித்தார்கள். லைன் கட்டானது.

ஈஸ்வரி போனைக் காதிலிருந்து எடுக்காமலே நின்றாள். உடம்பெல்லாம் கூசியது. பேரைப் பிடுங்கியதைக்கூட அவள் எப்படியோ விழுங்கியிருந்தாள். இதை விழுங்க முடியவில்லை.

ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்த சின்னதம்பி, "யாரு போன்ல?" என்று கேட்டான்.

"சக்திவேலு. வண்டி எடுக்கலயாம். சொன்னேன், இப்ப ஓடுது."

"பாத்தியா!" சின்னதம்பிக்குப் பெருமை தாங்கவில்லை. "நீ இல்லாம அவனுங்களுக்கு வண்டி ஓடாது."

"ஓடுதுய்யா," என்றாள் ஈஸ்வரி. "நான் இல்லவே இல்லன்னு சொல்லிக்கினு நல்லாவே ஓடுது."