கயிற்றுக்கடை மாடியில் உள்நாட்டுப் போர்

சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதற்குள் ஏதாவது ஒரு கட்சியில் சேர்ந்துவிட வேண்டும் என்று அத்தானிடம் சொன்னேன். கட்சி என்றால் ஓட்டுக் கேட்டு வருகிற கட்சி இல்லை. அவன் கம்ப்யூட்டரில் விளையாடிய விளையாட்டுக்குள் ஓர் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் ராணி, இன்னொரு பக்கம் மலைத் தலைவர்கள். நான்கு வருடமாக அவன் எந்தப் பக்கமும் சேராமல் ஓட்டிக்கொண்டிருந்தான். அன்று ஞாயிற்றுக்கிழமை. கீழே கூடத்தில் எங்கள் இருவருக்கும் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அத்தான் என் தாய்மாமா மகன். என்னைவிட ஒரு வயது மூத்தவன். பெரியவர்கள் காதில் விழும் என்றால் 'அத்தான், நீங்க', மற்ற நேரமெல்லாம் 'ஏல, நீ'. என் ஊர் சாத்தான்குளம் பக்கம். தூத்துக்குடியில் மீன்வளம் படிக்க இடம் கிடைத்ததும் அம்மா என்னைத் தன் அண்ணன் வீட்டில் கொண்டுவந்து விட்டாள். நான்கு வருடமும் அந்த வீட்டுச் சோறுதான். முறைப்பையன் இருக்கிற வீட்டில் ஒரு பெண் அத்தனை நாள் தங்கிப் படித்தால் மீதியை ஊரே முடித்துவிடும். என்னிடம் யாரும் கேட்கவில்லை. அத்தை என் தட்டில் மீன் துண்டு பெரிதாகப் பார்த்து வைக்கும்போதெல்லாம் நான் பாசம் என்று நினைத்துச் சாப்பிட்டேன். மருமகளுக்கு வைக்கிறாள் என்று மூன்றாம் வருடம்தான் உறைத்தது. மீனின் வயதைச் செதிலைப் பார்த்தே சொல்லப் படித்தவள் நான். இது தெரியவில்லை.

எனக்கு அவனைப் பிடிக்கும். அவனைக் கட்டிக்கொள்ளப் பிடிக்கவில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகச் சொன்னால் புரிந்துகொள்ள அந்த வீட்டில் ஆள் கிடையாது. கொச்சியில் மேல்படிப்புக்கு இடமும் வந்திருந்தது. "கல்யாணத்துக்குப் பொறவும் படிக்கலாம்ளா, யாரு வேண்டாங்கா" என்றார் மாமா. எப்படி என்று கேட்டேன். தபாலில் என்றார்.

முந்தின வாரம் அத்தானிடம் விஷயத்தை உடைத்தேன். அவன், "எனக்கும் அப்படித்தாம்ளா இருக்கு. ஒன்னய அந்த மாதிரி நெனைக்க வரல" என்றான். எனக்கு உயிர் வந்தது. இரண்டு பேரும் சேர்ந்து சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தோம். இரண்டு பேரும் என்பதுதான் இதில் முக்கியம். பிள்ளைகள் இரண்டும் வேண்டாம் என்றால் மாமா நாலு நாள் கத்திவிட்டு அடங்கிவிடுவார். நான் மட்டும் சொன்னால், தங்கச்சி மகள் மாமாவின் மகனை வேண்டாம் என்றுவிட்டாள் என்றாகும். அம்மாவுக்கு அவள் பிறந்த வீடு இல்லாமல் போகும். தாத்தா இறந்தபின் அம்மாவை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவர் மாமாதான். இந்தச் சம்பந்தத்தில் மாமாவைவிட அம்மாவுக்குத்தான் அவசரம்.

அத்தானைப் பற்றிச் சொல்வதென்றால் கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடற்கரைச் சாலையில் கயிறு, வலை, மிதவை, ஈயக்குண்டு விற்கிற கடை. கீழே கடை, பின்கட்டில் வீடு, மாடியில் சரக்கு. விசைப்படகுக்காரர்களும் வாங்குவார்கள், வள்ளம் என்கிற நாட்டுப்படகு வைத்திருக்கிற வள்ளத்துக்காரர்களும் வாங்குவார்கள். கரையோரம் வந்து தங்கள் வலையை அறுக்கிறார்கள் என்று விசைப்படகுகள்மேல் வள்ளத்துக்காரர்களுக்குத் தீராத கோபம். சில நாள் இரண்டு பக்கத்து ஆட்களும் ஒரே நேரத்தில் கடையில் நின்று முறைத்துக்கொள்வார்கள். மாமா தலை நிமிராமல், "அண்ணாச்சி, ஒங்களுக்குக் கயிறு எத்தன கிலோ?" என்பார். யார் நியாயத்தைப் பேசினாலும் "ஆமா, பாத்துக்கிடலாம்". தேர்தல் வந்தால் கடை ஷட்டருக்குப் புதுப் பெயிண்ட் அடித்துவிடுவார். ஈரம் காயவில்லை என்று எல்லாக் கட்சிப் போஸ்டரையும் திருப்பி அனுப்பலாம். அத்தான் அந்த ஷட்டருக்கு உள்ளே வளர்ந்தவன்.

அவன் விளையாடுவதும் அப்படியே இருந்தது. அந்த விளையாட்டில் நம் வீரன் ஒரு நாடோடி. விளையாடுகிறவர் ராணியிடமோ மலைக்காரர்களிடமோ சத்தியம் செய்து இரும்பு மோதிரம் வாங்கிக்கொண்டு போருக்குப் போக வேண்டும். இவன் மோதிரம் வாங்காமல் தோலும் வாளும் மூலிகையும் வாங்கி இரண்டு படைக்கும் விற்றான். வீரன் வீட்டுப் பெட்டியெல்லாம் சரக்கு. நான் பக்கத்தில் உட்கார்ந்து விளையாட்டில் வருகிற ஏடுகளை வாசித்து அவனோடு சண்டை போடுவேன். ராணி, மலைக்காரர்கள் தங்கள் பிணங்களைச் சிகரத்தில் எரிக்கக் கூடாது என்று தடை போட்டவள். மலைக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பிழைக்க வந்த ஆற்றுக்காரர்களைப் பொழுது சாய்ந்தால் கோட்டைக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறவர்கள்.

"ரெண்டும் மோசம். எதுல சேரச் சொல்லுத?" என்பான்.

"எது கொறஞ்ச மோசமோ அதுல. நீ சேராட்டா மட்டும் போர் நின்னுருமா?"

"எல்லாரும் நமக்கு வேண்டியவங்கதாம்ளா" என்று சிரித்துவிட்டு வாள் விற்கப் போய்விடுவான். அப்போது எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சிரிப்பு வரவில்லை. அம்மாவும் அப்பாவும் பெரியப்பாவும் காலை பஸ்ஸில் வந்திருந்தார்கள். நல்ல காரியம் என்று வீட்டில் மீன் சமைக்கவில்லை. ஃபிரிட்ஜில் வாழையிலையில் சுற்றிப் பிச்சிப்பூ இருந்ததைத் தண்ணீர் எடுக்கப் போனபோது பார்த்தேன். சாப்பாடு முடிந்ததும் அத்தை எனக்குப் பூ வைப்பாள். பூ தலையில் ஏறிவிட்டால் பேச்சு முடிந்தது. பிறகு வேண்டாம் என்றால் அது முறிவு, கேவலம். செம்பை அங்கேயே வைத்தேன்.

மாடிக்கு ஓடினேன். அவன் கயிற்றுக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தான்.

"கீழ கேட்டா என்ன சொல்லப் போற?"

"பாத்துக்கிடலாம்."

அந்த வார்த்தையை நான் கடையில் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன்.

"பாத்துக்கிடலாம்னா? போன வாரம் என்ன சொன்ன?"

"சொன்னேன். இல்லங்கல. மொத அவங்க என்ன பேசுதாங்கன்னு தெரியட்டும். எங்கம்மா வேற பூவெல்லாம் வாங்கி வச்சிருக்கா."

அப்போதுதான் கட்சியில் சேரச் சொன்னேன். கிறுக்குத்தனம்தான். ஆனால் அவனை வேறு எப்படிச் சோதிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு இடத்தில், யாருக்காவது பிடிக்காத ஒன்றை அவன் செய்வதை நான் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது.

"சரி, பாரு" என்று ராணியின் கூடாரத்துக்குப் போனான். வீரன் மண்டியிட்டான். சத்தியம் செய்தான். மோதிரம் விரலில் ஏறியது. திரும்பி வருகிற வழியில் ஆற்றுப் பாலம். மலைக்காரர் பக்கத்துப் பாலத்தடியில் ஒரு சத்திரக்காரி இருந்தாள். வீரனுக்குக் காசில்லாத நாட்களில் சும்மா கஞ்சி ஊற்றியவள். அவள் மோதிரத்தைப் பார்த்துவிட்டு மீன் வெட்டுகிற கத்தியோடு ஓடி வந்தாள். அத்தான் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டான். வீரன் குத்துப்பட்டு விழுந்தான். உடனே முன்பு சேமித்து வைத்திருந்த பழைய ஆட்டத்தைத் திறந்தான். மோதிரம் இல்லை, சத்தியம் இல்லை, சத்திரக்காரி சிரித்துக்கொண்டே கஞ்சி வேண்டுமா என்றாள்.

"அந்தப் பக்கம் போய்ப் பாரு" என்றேன். மலைக்காரர்களிடம் போனான். அங்கேயும் சத்தியம், அங்கேயும் மோதிரம். ராணியின் நகர வாசலில், இவனிடம் வழக்கமாகத் தோல் வாங்குகிற கொல்லன் ஈட்டியைத் தூக்கினான். இந்தத் தடவை குத்தும்வரைகூட அத்தான் காத்திருக்கவில்லை. பழைய ஆட்டத்துக்கே போய்விட்டான். வீரன் மறுபடி பாலத்தின் நடுவில் வெறும் விரலோடு நின்றான்.

"பாத்தியா? எங்கன போனாலும் வம்பு. இப்படியே இருந்தா யாருக்கும் மனக்கஷ்டம் இல்ல" என்றான். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"கீழ இப்படித் திரும்ப முடியாதுல்லா."

"தெரியும்."

"தெரிஞ்சா சொல்லுவியா, மாட்டியா?"

"ஏளா, நச்சரிக்காத. தெரியும்ங்கேன்லா."

அத்தை சாப்பிடக் கூப்பிட்டாள். என்ன பரிமாறினார்கள் என்று இன்றுவரை ஞாபகம் இல்லை. பாயசத்தை மட்டும் விழுங்க முடியாமல் வாயிலேயே வைத்திருந்தது தெரியும்.

கூடத்தில் தாம்பாளம் வந்தது. வெற்றிலை, பழம், நடுவில் பூ. பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "பிள்ளைகள்ட்டயும் ஒரு வார்த்த கேட்டுக்கிடுவோம். காலம் அப்படி இருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அத்தானைப் பார்த்து, "என்ன மாப்ள, ஒமக்குச் சம்மதந்தான?" என்றார்.

நான் அவனையே பார்த்தேன். இரண்டே சொல் போதும். அவன் தொடங்கினால் நான் சேர்ந்துகொள்வேன். அவன் மின்விசிறியைப் பார்த்தான்.

"எனக்கென்ன மாமா. அவளுக்குச் சரின்னா எனக்குஞ் சரி."

கூடமே பூரித்துப்போனது. என்ன தங்கமான பிள்ளை, இந்தக் காலத்தில் எவன் இப்படிக் கேட்கிறான் என்றார் பெரியப்பா. ஒரு குற்றம் சொல்ல முடியாத பதில். மொத்தச் சுமையையும் தாளில் சுற்றி, நூல் கட்டி, என் கையில் கொடுத்துவிட்டான். அவன் மேல் அன்று வந்த கோபம் எனக்கு வேறு யார் மேலும் வந்ததில்லை.

"எனக்கு இஷ்டமில்ல மாமா. நான் கொச்சிக்குப் படிக்கப் போறேன்." குரல் உடைந்து கீச்சென்று வந்தது. திரும்பவும் சொன்னேன்.

பூவை எடுக்கக் குனிந்த அத்தை அப்படியே நின்றாள். மாமா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. அவர் என்னைப் பார்க்கவேயில்லை. வாசல் நிலையருகில் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்து, "ஏளா, ஒம் மவ என்னமோ சொல்லுதா. நீ என்ன சொல்லுத?" என்றார்.

அம்மா தன் அண்ணனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அவர் கிழித்த கோட்டைத் தாண்டாதவள். அவள் எழுந்து வந்து என்னை அறைவாள் என்றுதான் நினைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் அத்தான் பக்கம் திரும்பினாள். "மக்கா, அவ கெடக்கா. ஒனக்கு என்ன வேணும்? அத மட்டும் சொல்லு."

"எனக்கு... நீங்கள்லாம் எப்படிச் சொன்னாலும் சரி அத்த."

அம்மா அவனை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு மாமாவிடம், "அண்ணே, அவ வேண்டாங்கா. எனக்கும் வேண்டாம்" என்றாள்.

மாமா "சரி" என்றார். ஒரே ஒரு சரி. எழுந்து கடைப் பக்கம் போனார். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகிறவர்கள் கிடையாது, அன்று கடை திறக்கிற வழக்கமும் கிடையாது. ஷட்டரைத் தூக்குகிற சத்தம் கேட்டது. பெரியப்பா செருப்பைத் தேடினார். அப்பா வழக்கம்போல ஒதுங்கிக்கொண்டார். அவருக்கு இது அம்மா வீட்டு விஷயம்.

நாங்கள் கடை வழியாகத்தான் வெளியேற வேண்டியிருந்தது. வாங்க ஆளில்லாத கடையில் மாமா கயிற்றை முழம் போட்டுக்கொண்டிருந்தார். அம்மா நின்று, "அண்ணே, போயிட்டு வாரேன்" என்றாள். அவர் அளந்துகொண்டே இருந்தார். அம்மா இன்னொரு தடவை சொன்னாள். அப்புறம் படி இறங்கினாள். அந்தப் படியை அவள் அதன்பின் மிதிக்கவில்லை.

அன்று சாயங்காலமே அத்தானிடமிருந்து செய்தி வந்தது. நான் என்ன செய்ய, ரெண்டு பக்கமும் எனக்கு வேண்டியவங்க என்று எழுதியிருந்தான். பதில் போடவில்லை. இப்போது அவன்தான் கடையில் இருக்கிறான், கல்யாணம் ஆகிவிட்டது, எல்லோருக்கும் நல்லவன் என்று கேள்விப்படுகிறேன். நல்லவன்தான். எனக்குக் கோபம் போகவில்லை. போக வேண்டும் என்று நான் முயன்றதும் இல்லை.

பஸ்ஸில் அப்பாவும் பெரியப்பாவும் முன்னால் உட்கார்ந்துகொண்டார்கள். அம்மா என் பக்கத்தில். உப்பளம் தொடங்கியதிலிருந்து அழுதுகொண்டே வந்தாள். சத்தமில்லை, முந்தானை மட்டும் நனைந்துகொண்டிருந்தது. பழையகாயல் தாண்டும்வரை பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

"எனக்காக ஒனக்கு இப்படி ஆயிட்டுதேம்மா" என்று நானும் அழுதேன்.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஒனக்காகச் செஞ்சதுக்கு நான் அழல. அத நாளைக்குங் கேட்டாலும் செய்வேன். எனக்கு ஒரே அண்ணன்ளா. அதுக்கு அழுதேன்."

கண்டக்டர் வந்தார். அம்மா நாலு டிக்கெட் எடுத்தாள். மீதிச் சில்லறையை என் கையில் வைத்து, "கொச்சிக்கு வண்டிச் செலவுக்கு வச்சுக்க" என்றாள்.