அட்ரோபினும் கூமாப்பட்டிப் பருத்தியும்

மயக்க மருந்து டாக்டரின் வேலை பிறரைத் தூங்க வைப்பது. அவரே பரீட்சைக்குப் படிக்கிறார் என்றால், தான் தூங்காமல் இருப்பது. வேலைக்கும் போய்க்கொண்டு புத்தகத்தையும் சுமந்தவர்களுக்கு இந்தப் பாடு புரியும்.

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து டாக்டராக இருந்தேன். மேற்படிப்புப் பரீட்சையில் உடலியங்கியலில் எப்படியோ கரையேறிவிட்டேன். மருந்தியல்தான் காலை வாரியது. அட்ரோபின் என்ற மருந்தைக் கொடுத்தால் வாய் வறளும். வாய்மொழித் தேர்வில் அதைப் பற்றிக் கேட்டதற்கே எனக்கு வாய் வறண்டு, பெயிலானேன். அடுத்த முறை தேறினால் ஸ்ரீவில்லிபுத்தூரில் திறக்கவிருந்த தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை. இல்லையென்றால் அது வேறொருவருக்குப் போய்விடும்.

பஸ்ஸில் ஒரு நோயாளி

தமிழில் சொல்லிப் பார்த்தால் மனதில் நிற்கும் என்று, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்தபடி வந்தேன். வாய் வறளும், கண் மங்கும், நெஞ்சு படபடக்கும், நீர் பிரியாது, புத்தி தடுமாறும். பக்கத்தில் இருந்த ஜவுளிக்கடை பாய் எழுந்து எனக்கு ஜன்னலோர இடத்தைக் கொடுத்தார்.

“தம்பி, இம்புட்டையும் வச்சுக்கிட்டு பஸ்ல அலையலாமா? இறங்குனதும் நல்ல டாக்டராப் பாருங்க.”

காற்றில் பருத்தி

கூமாப்பட்டி விவசாயி ஒருவர் காற்றுக்கு எதிரே நின்று பருத்திக்குப் பூச்சிமருந்து அடித்துவிட்டு, வாயில் நுரையோடு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். மூச்சுக்கு மூச்சு நெஞ்சில் களகளவென்று சத்தம். அந்த விஷத்துக்கு முறிவு அட்ரோபின்தான்; ஸ்டெல்லா சிஸ்டர் மருந்துக் குப்பிகளை உடைத்து உடைத்துக் கொடுக்க, நான் ஏற்றிக்கொண்டே இருந்தேன். பிழைப்பாரா என்று உண்மையிலேயே பயந்தேன். ஒரு கை அவர் நாடியில், இன்னொரு கையில் புத்தகம்.

மறுநாள் நெஞ்சு சுத்தமாகிவிட்டது. ஆனால் மனிதர் காற்றில் பருத்தி பறித்து மடியில் போட ஆரம்பித்தார். அட்ரோபின் அளவு மீறினால் இப்படித்தான் ஆகும் என்று புத்தகத்தில் இருந்தது. வரிக்கு வரி கண்ணெதிரே பார்த்த சந்தோஷத்தில் சிஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். மருந்தைக் குறைத்தால் தெளிந்துவிடுவார் என்று அவர் மனைவியிடம் சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் அந்த அம்மா முந்திக்கொண்டார்.

“எம் புருசன் புத்தி கெட்டுக் கெடக்காவ, நீங்க பல்லக் காட்டுதீய.”

மறுபடியும் அதே கேள்வி

போன முறை என்னைப் பெயிலாக்கிய தேர்வாளர் மாறவில்லை, கேள்வியும் மாறவில்லை. அட்ரோபின் போதும் என்று எப்படித் தெரியும்? வாய் வறண்டது. புத்தகம் மறந்தது, கூமாப்பட்டிக்காரர் மட்டும் நினைவில் நின்றார். நெஞ்சில் சத்தம் அடங்க வேண்டும் என்றேன். அதிகமாகிவிட்டால்? “ஐயா, பருத்தி பறிப்பார்கள்” என்று சொல்லி, என்னையறியாமல் காற்றில் பறித்தே காட்டினேன். தேர்வாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

“போதும் டாக்டர். பறிச்ச பருத்திய இங்கேயே வச்சிட்டுப் போங்க.”

புது வார்டில்

தேறினேன். ஸ்ரீவில்லிபுத்தூர் வார்டுக்கு அந்தக் கூமாப்பட்டித் தம்பதி ஒரு பை நிறையத் தேங்காயோடு பார்க்க வந்தார்கள். பரீட்சைக் கதையைச் சொன்னேன். அவர் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டார். அந்த அம்மா முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“அப்ப இவிய பறிச்ச பருத்தியும் வீடு வந்து சேந்துட்டு.”

பாஸானால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று நம்பித்தான் இவ்வளவும் படித்தேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் ராத்திரி என்ன வேலை என்று மட்டும் யாரையும் கேட்கவில்லை.