உத்திரமேரூர் வெயிலுக்கு நான் போட்ட திருத்தம்

காஞ்சிபுரம் பக்கத்துப் பேருந்துகளைப் பற்றிச் சென்ற பதிவில் எழுதியிருந்தேன். அதன் கீழே ஒரு வாசகர், "பழைய வெப்பநிலைக் கணக்குகளைப் பின்னால் உட்கார்ந்து திருத்துகிறார்களாமே, நம்பலாமா?" என்று கேட்டிருந்தார். பயணக் கட்டுரைக்குச் சம்பந்தமில்லாத கேள்வி என்று மற்றவர்கள் நினைத்திருக்கலாம். 1984 மே மாதம் நான் உத்திரமேரூர் போனதே அந்தக் கேள்வியால்தான். அன்று திருத்தியவன் நான். நம்பலாமா என்று தவித்தவனும் நான்.

மெட்ராஸில், ஊர் ஊராக வரும் வெயில், மழைக் கணக்குகளை அட்டவணையாக்கும் ஓர் அலுவலகத்தில் வேலை. உத்திரமேரூரை அடுத்த ஒரு விதைப் பண்ணையிலிருந்து வந்த மே மாத எண்கள், சுற்றுப்புற ஊர்களோடு ஒப்பிட்டால், மூன்று கோடைகளாக ஏறக்குறைய ஒரு டிகிரி குறைவாக இருந்தன. மூன்று ஆண்டுகளுக்கு முன் அங்கே வெப்பமானியை மாற்றியிருந்தார்கள். புதியது குறைத்துக் காட்டுகிறது என்று முடிவு கட்டி, மூன்று ஆண்டுகளுக்கும், பன்னிரண்டு மாதங்களுக்கும் ஒரு டிகிரி கூட்டிவிட்டேன். அதிகாரி பாராட்டினார். திங்கட்கிழமை அட்டவணை அச்சுக்குப் போக வேண்டும்.

பாராட்டு வந்த பிறகுதான் எனக்குப் பயம் வரும். அது என் சுபாவம். பார்க்காத ஊரின் வெயிலை மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து கூட்டிவிட்டேனே என்ற நினைப்பு இரண்டு நாள் என்னை விடவில்லை. சனிக்கிழமை, சரிபார்த்த வெப்பமானி ஒன்றைத் துண்டில் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

காலை ஆறு மணிக்கு மெட்ராஸில் பஸ். எழுபத்தைந்து கிலோமீட்டர், காஞ்சிபுரத்தில் இறங்கும்போது எட்டேகால். இட்லி சாப்பிட்டுவிட்டு உத்திரமேரூர் பஸ் பிடித்தேன். கட்டணம் இரண்டரை ரூபாய் என்று நினைவு. பாலாறு வெறும் மணலாகக் கிடந்தது. அதைத் தாண்டியதும் ஏரிக்கரைப் பனைமரங்கள் ஜன்னலோடு ஓடிவந்தன. எனக்கு ஏனோ சந்தோஷமாகிவிட்டது. மடியில் நான் குழந்தையைப் போல் வைத்திருந்த பொட்டலத்தைக் கண்டக்டர் பார்த்தார்.

"இன்னா சார் அது, பில்லாங்குழலா?"

"வெப்பமானி."

"அடப் பாவமே! வூட்ல யாருக்கு ஜொரம்?"

"ஊருக்கு" என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. தைரியம் வரவில்லை, சிரித்து வைத்தேன்.

உத்திரமேரூரிலிருந்து பெருநகர் என்ற ஊருக்குப் போகும் பஸ்ஸில் நான்கு கிலோமீட்டர். பண்ணை வாசலில் இறங்கும்போது மணி பதினொன்று. கத்திரி வெயில் கண்ணைப் பறித்தது. நடுவயலில் தென்னங்கீற்றுப் பந்தல் ஒன்று தெரிய, வேறெதையும் பார்க்காமல் அதற்குள் ஓடினேன். வெப்பமானியைப் படித்துக் குறிக்கும் மேஸ்திரி கன்னியப்பனும், களை எடுக்கும் தெய்வானையும் உள்ளே இருந்தார்கள்.

"குந்து சார். மொதல்ல மோர் குடி, அப்பால பேசலாம்" என்றார் மேஸ்திரி.

இரண்டு சொம்பு குடித்தேன். வந்த காரியத்தைச் சொன்னேன்.

"மெட்ராஸ்ல குந்திக்கினு எங்க ஊரு வெயில ஏத்திட்டியா சார்?" என்றாள் தெய்வானை. "கொஞ்சம் எறக்கி வுடேன், நாத்தாவது பொழைக்கும்!"

வெப்பமானி இருக்கும் பெட்டி எங்கே என்று கேட்டேன். மேஸ்திரி என் முதுகுக்குப் பின்னால் கை காட்டினார். காற்று புக இடைவெளி விட்ட பலகைகளோடு, வெள்ளையடித்த மரப்பெட்டி நான்கு கால்களில் நின்றது. அதே பந்தலுக்குள், என்னைப் போலவே நிழலில். அரை மணி நேரம் அதன் மேல் சாய்ந்துதான் மோர் குடித்திருக்கிறேன்.

என்னுடைய வெப்பமானியை உள்ளே வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே அளவு காட்டின. கருவியில் பழுது இல்லை. என் ஊகம்தான் பழுது.

"பந்தல் எதற்குப் போட்டீர்கள்?"

"பாவம் சார் அது. போன தபா இருந்தது கத்திரி வெயில்ல படார்னு வெடிச்சிடுச்சி. ஏன் ஒடஞ்சிதுன்னு மேல ஆபீஸ்ல என்னத்தான் கேட்டாங்க. அதான் வருசா வருசம் கத்திரி பொறந்ததும் போட்டு, கத்திரி முடிஞ்சதும் பிரிச்சிடுவேன்."

"வெயில்ல வெடிச்சிச்சாம்!" தெய்வானை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். "இவுரு கடா முட்டிப் பெட்டிய சாச்சத ஊரே பாத்திச்சி சார்."

"ஏய், அந்தக் கடா அன்னிக்குச் சந்தைக்குப் போயிருந்திச்சி."

"போற வழில முட்டிட்டுப் போச்சி!"

பிற்பகல் இரண்டு மணிக்கு, கீற்றுகளைக் கொஞ்ச நேரம் எடுத்துப் பார்க்கலாமா என்று மென்று விழுங்கிக் கேட்டேன். மேஸ்திரியின் முகம் வெளுத்துவிட்டது. "திரும்ப ஒடஞ்சா பேஜாரு சார்." உடைந்தால் என் பொறுப்பு என்றேன். அப்படி ஒரு வாக்கியம் என் வாயிலிருந்து அதுவரை வந்ததில்லை.

கீற்றுகள் இறங்கின. வயலில் இருந்தவர்கள் எல்லாரும் வெடிப்பதைப் பார்க்கக் கூடிவிட்டார்கள். மேஸ்திரி காதைப் பொத்திக்கொண்டார். தெய்வானை அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, "படார்!" என்று கத்தினாள். மேஸ்திரி துள்ளியதில் வயலே சிரித்தது. நானும் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். அரை மணியில் பாதரசம் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறி நின்றது.

ஆக, மே மாதத்துக்கு என் திருத்தம் சரி, காரணம் தவறு. காரணம் தவறானதால், பந்தல் இல்லாத மாதங்களிலும் இல்லாத வெயிலைக் கூட்டியிருந்தேன்.

கீற்றுகளை எறிய மனமில்லை. பெட்டியை அதன் இடத்திலேயே வெயிலில் விட்டுவிட்டு, அதன் மேல் நிழல் விழாத தூரத்தில் பந்தலை மறுபடி போட்டார்கள். கடைசி முடிச்சுப் போட்டதும் மேஸ்திரி பெட்டியைத் திரும்பிப் பார்த்து, "கோச்சிக்காத நைனா" என்றார்.

போக விரும்புகிறவர்களுக்கு: இப்போது பேருந்துகள் அதிகம், கட்டணம் நீங்களே விசாரித்துக்கொள்ளுங்கள். மார்கழி, தை நல்ல மாதங்கள். கத்திரியில் போவதானால் குடையும் தண்ணீரும் அவசியம். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், குடவோலைத் தேர்தல் விதிகளைச் சொல்லும் சோழர் கல்வெட்டுகளை அவசியம் பாருங்கள். முதல் விதிகளைப் பின்னால் திருத்தியிருக்கிறார்கள். இரண்டும் கல்லில் இருக்கின்றன. அன்று மாலை அந்தச் சுவர் முன்னால் நின்றபோதுதான் திங்கட்கிழமை என்ன செய்வது என்று எனக்குத் தெளிவானது.

திங்கட்கிழமை காலை அட்டவணையோடு அதிகாரியின் மேசை முன் போய் நின்றேன். மற்ற மாதங்களின் திருத்தத்தை எடுத்துவிட்டு, மே மாதத்துக்குப் பண்ணை அனுப்பிய எண், திருத்திய எண் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் போட வேண்டும் என்றேன். "காரணம் என்று என்னய்யா எழுதுவது?" என்றார். சொன்னேன். சிரித்து முடிக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. பிறகு கையெழுத்துப் போட்டார்.

கேள்வி கேட்ட வாசகருக்கு: பழைய எண்ணை அழிக்காமல், ஏன் மாற்றினோம் என்று சொல்லும் கணக்கை நான் நம்புவேன். எங்கள் அட்டவணை அச்சாகி வந்தபோது, உத்திரமேரூருக்கு நேரே ஒரு நட்சத்திரக் குறி இருந்தது. அடியில், பொடி எழுத்தில்: "கருவியின் மீது அன்பின் காரணமாகப் பந்தல் போடப்பட்டிருந்தது."

'அன்பின் காரணமாக' என்பது நான் எழுதியதில்லை. அதிகாரி சேர்த்த திருத்தம்.