அறுவடைக் காலத்து மூச்சுத் திணறல்

மதிவதனி நாகப்பட்டினத்து மீனவர் வீட்டுப் பெண். தஞ்சாவூரில் முதியோர் வார்டில் நர்ஸாக வேலை பார்த்துக்கொண்டே ஆராய்ச்சியும் செய்கிறார். இருதயம், சர்க்கரை, சிறுநீரகம் என்று பல நோய்களைச் சேர்த்துச் சுமப்பவர்கள், தேறி வீட்டுக்குப் போன பிறகும் ஏன் மூச்சுத் திணறலோடு திரும்பி வருகிறார்கள்? அதுதான் அவருடைய கேள்வி.

அப்படித் திரும்பியவர்களில் என் அம்மா அம்சமும் ஒருவர். இன்னொரு முறை நுரையீரலில் நீர் கோத்தால் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மெல்பர்னில் இருக்கும் நான், போன் அடித்தால் முதல் மணியிலேயே எடுத்துவிடுவேன்.

"வயசானவங்க, மாத்திரைய மறந்துடுறாங்க" என்றார்கள் வார்டில். மதிவதனி ஒப்புக்கொள்ளவில்லை. மறதி வருடம் முழுக்க அல்லவா இருக்கவேண்டும்? சம்பா அறுவடையில் மட்டும் ஏன் இத்தனை பேர்? பனியா, தூசியா? விசாரித்துப் பார்த்தும் பிடிபடவில்லை. தை மாதம் பஸ் ஏறி எங்கள் ஊருக்கே வந்துவிட்டார்.

அம்மா கொள்முதல் நிலையத்தில், எடைக்குக் காத்திருக்கும் எங்கள் நெல் குவியலைக் காவல் காத்துக்கொண்டிருந்தார். கால் வீங்கியிருந்தது.

"நீர் மாத்திரை போட்டீங்களாம்மா?"

"போட்டேன், போட்டேன்."

"உங்க கால் வேற மாதிரி சொல்லுதே."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீயும் பொம்பளதான, சொல்லு. அதப் போட்டா சும்மா சும்மா ஒண்ணுக்குப் போவணும். இங்க எங்க போறது? சுத்தி ஆம்பளைங்க. மழை வந்தா தார்ப்பாய யாரு மூடுறது? எடை போட்டு முடிஞ்சதும் விட்டதெல்லாம் சேத்துப் போட்டுக்குவேன்."

"சேத்தா? அது மாத்திரைம்மா, வடை இல்ல!"

பக்கத்துக் குவியலிலிருந்து, அதே வார்டுக்குப் போய்வந்த நீலாயதாட்சி அத்தை குரல் கொடுத்தார். "அவள மட்டும் ஏன் திட்டுற? நானும்தான் போடல."

மதிவதனி அங்கிருந்தே டாக்டருக்குப் போன் போட்டார். இருவருக்கும் அன்றைய மாத்திரையை உடனே போடச் சொன்னார் டாக்டர். மறுநாளிலிருந்து மத்தியானத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், ஆனால் விடக்கூடாது. அப்படியானால் முறை வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று: காலையில் மாத்திரை போட்டு அத்தை வீட்டிலிருப்பார், அம்மா காவல்; மத்தியானம் அம்மா மாத்திரை போட்டு வீட்டிலிருப்பார், அத்தை காவல்.

"இன்னிக்கு ரெண்டு பேரும் போட்டுட்டா காவல் யாரு?" என்றார் அத்தை.

"இன்னிக்கு நான் பாத்துக்கிறேன். போங்க" என்றார் மதிவதனி.

அம்மாவுக்கு அந்த வருடம் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டி வரவில்லை. நெல் எடை போட்ட அன்று போனில், எங்கும் நிறுத்தி மூச்சு வாங்காமல் என்னிடம் புகார் சொன்னார்: "நல்ல பொண்ணுதான்டா. ஆனா குவியல் மேலயே ஏறி உக்காந்துட்டா. நெல்லு பூரா சரிஞ்சு, அள்ளிப் போட்டே என் இடுப்பு ஒடிஞ்சுபோச்சு."