பனி கட்டாத பெட்டி

எழுபத்தோரு வயதில் பக்கிரிசாமி முதன்முறையாக ஒரு கொலையைக் கையில் எடுத்தார். நானூற்றுப் பத்துப் பக்கம். அட்டையில் கறுத்த வானம், ஏரிக்கரையில் ஒரு சிவப்பு வீடு, பனியில் ஒற்றைக் காலடி. வடதுருவத்துக்குப் பக்கத்து நாடொன்றில் எழுதப்பட்டுத் தமிழுக்கு வந்த துப்பறியும் நாவல். பினாங்கு குயின் ஸ்திரீட் ஜவுளிக்கடை மாடியில் சனிக்கிழமைதோறும் கூடும் வாசகர் வட்டத்துக்கு மோகனா டீச்சர் தேர்ந்தெடுத்தது.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்ட மனிதர். பதினைந்து வயதில் பட்டர்வொர்த்தில் ஐஸ்பெட்டி கழுவப் போனவர், நாற்பதில் பக்கத்து மாக் மண்டினில் சொந்தப் பட்டறை போட்டுவிட்டார். பினாங்கில் தாம் கை வைக்காத ஃப்ரீசர் கிடையாது என்பார். ஒரு பெரிய ஹோட்டலில் கல்யாணத்துக்கு வாங்கிய இறால் மொத்தமும் கெட இருந்தபோது, மனைவி ஜெயலெட்சுமியின் கொண்டை ஊசி ஒன்றை வைத்தே குளிர் அறையை ஓட வைத்தாராம். இந்தக் கதை தொடங்கினாலே ஜெயலெட்சுமி அடுப்படிக்குப் போய்விடுவார். ஊசி திரும்பி வரவில்லை என்பது வரைக்கும் உண்மை.

அவருக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இல்லை. வழி கேட்டாலும் சொல்வார், வைத்தியம் கேட்டாலும் சொல்வார். ‘எனக்குத் தெரியாது’ என்று அவர் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை. கட்டிக்கொண்டவளே நாற்பத்தாறு வருஷமாகக் கேட்டதில்லை.

விரலை வரிமேல் ஓட்டித்தான் படித்தார். ஆனால் படித்ததை விடவில்லை.

“ஏங்க, இந்த வெக்கையில ஃபேன ஏன் நிறுத்துனீங்க?”

“அங்க மைனஸ் இருபது ஜெயா. படிக்கிற எனக்கே நடுங்குது.”

“அப்ப அங்கேயே போய்ப் படிங்க. எனக்கு வேர்க்குது லா.”

மத்தியானம் மூன்று மணிக்கே இருட்டிவிடும் ஊர் அது. பெயர்கள் ஒன்றும் வாயில் நுழையவில்லை. அதனால் ஆளாளுக்குத் தாமே பெயர் வைத்துக்கொண்டார்: செத்தவர் மரக்கடை முதலாளி, அவர் கொழுந்தியா, ஊர்ப் பாதிரியார், துப்புத் துலக்கும் இன்ஸ்பெக்டரம்மா. இன்ஸ்பெக்டரம்மாவை நினைத்தால் அவருக்குப் பாவமாக இருந்தது. நூறு பக்கமாக அந்தப் பெண் சூடாக ஒரு வாய் சாப்பிடவில்லை. காரில் உட்கார்ந்து காய்ந்த ரொட்டியைக் கடிக்கிறாள். காலி வயிற்றுக்குக் கொலைகாரன் எப்படிப் புலப்படுவான்? ஆகவே பொறுப்பைத் தாமே ஏற்றுக்கொண்டார்.

பதினோரு வருஷத்துக்கு முன்பு காணாமல்போன மரக்கடை முதலாளி, ஏரிக்கரை வீட்டு ஃப்ரீசருக்குள் பிணமாகக் கிடைக்கிறார். அதை இத்தனை வருஷமாக யாரும் திறக்கவேயில்லை என்கிறார் பாதிரியார். உள்ளே நகக்கண் அளவுதான் பனி படிந்திருந்தது என்கிறது பன்னிரண்டாம் அத்தியாயம்.

பக்கிரிசாமி தொடையில் தட்டினார். அந்தச் சனிக்கிழமை, உட்காரும் முன்பே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

“கொழுந்தியாதான். பதினோரு வருஷம் திறக்காத பெட்டியில முழங்கை உயரத்துக்குப் பனி கட்டியிருக்கணும். யாரோ இப்பத்தான் கழுவி, பொணத்தக் கொண்டாந்து வெச்சிருக்காங்க. வீட்டுச் சாவி அவகிட்டதானே இருக்கு? அதோட, இன்ஸ்பெக்டரம்மா வீடு தேடி வந்தப்ப ஒரு வாய் கோப்பி குடுத்தாளா அவ?”

எதிர் நாற்காலியில் பரமநாதன் கண்ணாடியைத் துடைத்தார். யாழ்ப்பாணத்து வம்சம், அரசாங்க அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் பேனா பிடித்த கிராணி.

“பாதிரியார்தான் ஐசே. அளவுக்கு மிஞ்சி நல்லவனா இருக்கிறான்.”

“கிராணியாரே, ஃபைலப் பத்திக் கேட்டா நீங்க சொல்லுங்க. ஐஸ்பெட்டி என் டிபார்ட்மெண்டு.”

“சரி, பந்தயம். நான் தோத்தால் எல்லார் முன்னாலயும் உம்மை ‘ஐயா’ எண்டு கூப்பிடுறன். நீர் தோத்தால் எழும்பி நிண்டு ‘எனக்குத் தெரியாது’ எண்டு சொல்ல வேணும்.”

மாடி முழுக்கக் கை தட்டியது. முன்பின் பாராமல் பக்கிரிசாமியும் தட்டினார்.

கடைசி அத்தியாயத்தை வெள்ளிக்கிழமை மத்தியானம் படித்தார். இன்ஸ்பெக்டரம்மா ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டு அதே பனிக் கேள்வியைக் கேட்கிறாள். அவன் சொல்கிறான்: எங்கள் ஊர்க் குளிர்காற்றில் ஈரம் குறைவு, கதவு ரப்பர் நன்றாக இருந்து, பெட்டியும் திறக்கப்படாமலே இருந்தால் பனி கட்ட வழியில்லை, உள்ளே வைத்தது பதினோரு வருஷமும் அங்கேயேதான் இருந்திருக்கிறது. திறக்கவில்லை என்று அத்தனை உறுதியாக யாரால் சொல்ல முடியும்? உள்ளே வைத்தவரால்தான். பாதிரியார் கையில் விலங்கு.

பக்கிரிசாமி அந்தப் பக்கத்தை மூன்று தடவை படித்தார். அவர் கழுவிய பெட்டிகள் எல்லாம் கடல் ஈரத்தில் கிடந்தவை. சட்டையே காயாத ஊரின் கணக்கை, உதடு வெடிக்கிற ஊருக்குப் போட்டுவிட்டார். இலக்கியத்தில் தோற்றிருந்தால் போகிறது என்று விட்டிருப்பார். தோற்றது ஃப்ரீசரில்.

மறுநாள் நாற்காலியை விட்டு எழவில்லை.

“இன்னைக்குப் போகல ஜெயா. கால் வலிக்குது.”

“காலா, வாயா?” சட்டையை எடுத்து மடியில் போட்டார் ஜெயலெட்சுமி. “மோகனா டீச்சர் ஃபோன்ல எல்லாம் சொல்லிட்டாங்க. நானும் வர்றேன்.”

எட்டு வருஷ வட்டத்தில் ஜெயலெட்சுமி ஒருநாளும் வந்ததில்லை. அன்று முன்வரிசையில் உட்கார்ந்தார்.

பக்கிரிசாமி எழுந்தார். இருமினார். தண்ணீர் குடித்தார். விசிறியைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னார். பரமநாதன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மோகனா டீச்சர் கைப்பேசியை உயர்த்திப் பிடித்தார்.

“ஈரமில்லாத காத்துல பெட்டி எப்படி இருக்கும்னு…” மறுபடி தண்ணீர் குடித்தார். “எனக்குத் தெரியாது.”

கைதட்டல் எழ ஒரு விநாடி ஆனது. அந்த ஒரு விநாடி போதாதா அவருக்கு?

“அறுபது வருஷமா எனக்குத் தெரியாம இருந்தது இது ஒண்ணுதான். நேத்து மத்தியானம் அதையும் தெரிஞ்சிக்கிட்டேன். இனி பாக்கி ஒண்ணும் இல்ல!”

மாடி அதிர்ந்தது. பரமநாதனே எழுந்து கும்பிட்டுவிட்டார். “உம்மை வெல்ல ஏலாது… ஐயா!”

தோற்றும் ஐயா பட்டம் வாங்கியவன் பினாங்கிலேயே நான்தான் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வீட்டுக்கு வந்தார் பக்கிரிசாமி. ஜெயலெட்சுமி, மோகனா டீச்சர் அனுப்பியதைத் தட்டித் தட்டிக் கைப்பேசியில் ஏதோ செய்துகொண்டிருந்தார்.

சாப்பிட உட்கார்ந்தபோது அந்தக் கைப்பேசிக்கு அழைப்பு வந்தது. மணியோசைக்குப் பதிலாகப் பக்கிரிசாமியின் குரல்தான் வந்தது.

“எனக்குத் தெரியாது… எனக்குத் தெரியாது… எனக்குத் தெரியாது…”

“ஃபோன எடேன் ஜெயா!”

“இருங்க,” என்றார் ஜெயலெட்சுமி, ரசத்தை ஊற்றியபடி. “இன்னும் ரெண்டு தடவ அடிக்கட்டும்.”